பெயரும் மைதானமும்

பதுளையில் ஒருநாள் வகுப்பிலே இலங்கையின் விளையாட்டுக் கழகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். “தமிழ் யூனியன் என்றால் நாங்களும் அதிலே சேர்த்தியா, சேர்?” என்றான். வகுப்புச் சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலே கொழும்பின் துடுப்பாட்டக் கழகங்கள் பலவும் இனத்தின் பெயரால் எழுந்தவை. மலாயர் கழகம் 1872 இலும், பறங்கியர் கழகம் 1896 இலும், சிங்களவர் கழகமும் தமிழ் யூனியனும் 1899 இலும், சோனகர் கழகம் 1908 இலும் தோன்றின. ஆண்டவன் தனக்கெனத் தனிக் கழகம் வைத்திருந்தான். ஆளப்பட்டோரும் தனித்தனியே வேலியிட்டுக் கொண்டனர். இக்கழகங்களை நிறுவியோர் ஆங்கிலம் கற்ற நகரத்து மேன்மக்களே.

அதே காலத்தில் ஊவாவின் மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் தமிழர்களே. மலைநாட்டில் மைதானங்கள் இல்லாமற் போகவில்லை. அவை துரைமார் சங்கங்களுக்கு உரியவை. விடிகாலைப் பிரட்டுக்கு ஓடியவனுக்கு மைதானமும் இல்லை, ஆடுவதற்கு ஓய்வும் இல்லை.

1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி, தமிழ் யூனியனின் ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் அக்கழகத்தின் வீரர் சதாசிவம். அன்று ஆடுகளம் 22 கஜத்துக்கு 2 கஜம் குறைவாக இருப்பது அளந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழர் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. இரண்டு கஜக் குறையை உடனே கண்டுகொண்டது உலகம். சட்டத்தின் குறையை முற்றாக நீக்கும் சட்டமோ 2003 இலேதான் வந்தது!

அமெரிக்காவில் இதற்கு மாறான வரலாறொன்று உண்டு. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், 1923 இல் ரொபேட் டக்ளஸ் என்ற கறுப்பினத்தவர் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணியொன்றை அமைத்தார். சொந்த மைதானம் இல்லாமையால் ‘ரெனசான்ஸ்’ என்னும் நடனமண்டபத்தில் ஆடினர். மண்டபத்தின் பெயரே அணியின் பெயராயிற்று. ஊர் ஊராகச் சென்று ஆடிய அவ்வீரர்களுக்கு உணவகங்களும் விடுதிகளும் கதவடைத்தன. ஆயினும் 1939 இல் சிக்காகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் வெள்ளையர் அணியை வென்று அவர்களே முதலிடம் பெற்றனர். எனினும் அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் கறுப்பின வீரர் இடம்பெற 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். ஹார்லெம் அணியின் பெயர் ஒரு மண்டபத்தின் பெயர். அதன் அடையாளமோ ஒதுக்கப்பட்ட மக்களின் உழைப்பு. கொழும்புக் கழகத்தின் பெயர் ஓர் இனத்தின் பெயர். அவ்வினத்தின் உழைப்பாளிகளோ அன்று அதன் வாசலுக்கும் வரவில்லை. இனப்பெயர் ஒன்றே மக்களை ஒன்றாக்கிவிடாது. இடையே வர்க்கம் நிற்கிறது.

காலம் அசையாமலும் இல்லை. 1920 இல் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன், பின்னாளில் அதே தமிழ் யூனியனுக்காக ஆடினார். 2010 இல் காலியில் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். இதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் அவர் வளர்ந்தது கண்டியில், தொழில் நடத்திய குடும்பத்தில். லயத்து அறையில் அல்ல. ஒருவர் ஏறிய படியை ஓர் இனமே ஏறிவிட்டதாகக் கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “பெயரில் நீயும் உண்டு, தம்பி. மைதானத்தில் உனக்குரிய இடத்தைப் பெயர் தராது. நாம் கேட்டுப் பெறவேண்டும்.” சரிவிலே பந்து உருண்டோடும் நம் தோட்டப் பாடசாலைகளுக்குச் சமதரை ஒன்றைக் கேட்பதிலிருந்து அதனைத் தொடங்குவோம். ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிட அவசரமான வரலாற்றுப் பாடம் வேறென்ன?