சிப்பிக் குஞ்சுக்குப் பாசித் தீவனம்

கன்றுக்குத் தாய்ப்பால் இருக்கிறது. கோழிக் குஞ்சுக்கு நொய் இருக்கிறது. கடலிலே பிறக்கிற சிப்பிக் குஞ்சுக்கு என்ன தீனி? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு உருப்படியான விடை கிடைக்க ஏறக்குறைய அறுபது வருஷம் ஆச்சு.

இது நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி இல்லை, குளிப்பும் நின்றுவிட்டது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, சிப்பிக்குள் சிறு மணியை வைத்து உருண்டை முத்து விளைவித்துக் காட்டினார். நல்ல காரியம். ஆனால் அதற்கும் சிப்பியை மூழ்கித்தானே எடுக்க வேண்டும்? பாரில் சிப்பி இல்லாத வருஷம் என்ன செய்வது? விதை நெல்லை அடுத்தவன் களத்தில் எதிர்பார்த்து நாற்றங்கால் உழுத கதைதான். சிப்பி விதையை நாமே உண்டாக்கியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே 1879-ல் வில்லியம் புரூக்ஸ் என்பவர் ஆளி என்கிற உணவுச் சிப்பியின் முட்டையையும் விந்தையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்தார். முட்டைகள் கருக்கட்டி, குஞ்சுகள் நீந்தவும் செய்தன. அத்தோடு சரி, ஒட்டும் பருவம் வரை அவற்றை வளர்க்க முடியவில்லை. சிப்பிக் குஞ்சு பிறந்ததும் பாறையில் ஒட்டுவதில்லை, பாருங்க. இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் நீந்தித் தின்று வளர்ந்த பிறகுதான் ஒட்டும். அதுவரை தண்ணீரை மாற்றாவிட்டால் நாறிப்போகும். மாற்றினால் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தண்ணீரோடு போய்விடும். தீனி விஷயமோ யாருக்கும் பிடிபடவில்லை.

இந்தச் சிக்கலில் முதல் முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? பாலில் இருந்து வெண்ணெய்ச் சத்தைப் பிரிக்கிற சுழல் இயந்திரம்! நியூயார்க்கில் வில்லியம் வெல்ஸ் என்ற சுகாதாரப் பொறியாளர் 1920-ஐ ஒட்டி அதிலே கடல் நீரை ஊற்றிச் சுழற்றினார். குஞ்சுகளைத் தனியே பிரித்தெடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டார்; அவை வளர்ந்து ஒட்டின. (இதே வெல்ஸ்தான் பின்னாளில் காசநோய் காற்றில் பரவும் விதத்தை ஆராய்ந்தவர்.) அவரோடு வேலை பார்த்த கிளான்சி இன்னொரு வழியைச் செம்மைப்படுத்தினார். கடல் நீரைச் சுழற்றினால் பெரிய உயிரினங்கள் விலகிவிடும், மிகச் சிறிய பாசிகள் மட்டும் தங்கும். அந்த நீரைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு நாள் வெயிலில் வைத்தால் பாசி பெருகும். அதையே குஞ்சுக்கு ஊட்டலாம்.

கெட்டிக்கார யோசனைதான். ஆனாலும் அன்றைக்குக் கடலில் எந்தப் பாசி இருந்ததோ அதுதான் பெருகும். ஒருநாள் குஞ்சு கொழுக்கும், மறுநாள் பட்டினி கிடக்கும். தூவாத வயலில் தானாக முளைத்ததை அறுப்பது மாதிரி.

எந்தப் பாசி என்று ஆளைப் பிடித்துக் காட்டியவர் ஒரு பெண்மணி, மேரி பார்க். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே போர்ட் எரின் ஊரில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம். 1938-ல் அதன் மீன் குளத்திலிருந்து ஒரு பொன்னிறப் பாசியைத் தனியே பிரித்து வளர்த்தார் அவர். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அதை ஊட்டியபோது ஆளிக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. 1940-ல் அந்த முடிவு அச்சில் வந்தது. 1949-ல்தான் 'ஐசோகிரைசிஸ் கல்பானா' என்ற பெயர் கிடைத்தது.

இந்தப் பாசிக்கு அப்படி என்ன சிறப்பு? முதலாவது அளவு. இதன் குறுக்களவு சுமார் 5 மைக்ரான். இருநூறை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். முத்துச்சிப்பிக் குஞ்சே தொடக்கத்தில் 70 மைக்ரான்கூட இருக்காது, அதன் வாய்க்குள் போக வேண்டாமா? இரண்டாவது, இதற்குக் கெட்டியான தோல் கிடையாது. குளோரெல்லா என்ற பச்சைப் பாசியும் சின்னதுதான், சுலபமாக வளரும். ஆனால் தோல் கனம், இளங்குஞ்சுக்குச் செரிக்காது. அமெரிக்காவில் மில்போர்டு ஆய்வுக்கூடத்தில் லூசனாஃப், டேவிஸ் இருவரும் பல பாசிகளை ஊட்டிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். உமியோடு நெல்லைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க முடியுமா?

சரி, பாசி கிடைத்தது. அதற்கு உரம்? வேல்ஸ் நாட்டில் கான்வே என்ற ஊர் ஆய்வுக்கூடத்தில் வால்ன் என்பவர் ஒரு உரக் கரைசல் வகுத்தார். அதிலும் நைட்ரேட், பாஸ்பேட்தான், நாம் தெரிந்து வைத்திருக்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும். கூடவே இரும்பு, மாங்கனீசு, போரான் போன்ற நுண்சத்துகள்; பி1, பி12 வைட்டமின்கள். ஒரு லிட்டர் கடல் நீருக்கு ஒரு மில்லி கரைசல் போதும். நம் நாட்டுக் குஞ்சு பொரிப்பகங்களிலும் 'கான்வே கரைசல்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

வேலை முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. கடல் நீரை அப்படியே எடுத்தால் அதில் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கும், வேண்டாத பாசிகளும் இருக்கும். ஒன்று புகுந்தாலும் நாற்றங்காலில் களையும் பூச்சியும் சேர்ந்து விழுந்த மாதிரி. அதனால் மணலில் வடிகட்டி, மறுபடி நுண்வடிப்பானில் விட்டு, தாய்ப்பாசிக்கு வேண்டியதைக் கொதிக்கவைத்து ஆறவைப்பார்கள். முந்தின குடுவையில் இருந்து கொஞ்சம் எடுத்துப் புது நீரில் விடுவார்கள், நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரியே. சிறு குழாயிலிருந்து குடுவை, குடுவையிலிருந்து பெரிய ஜாடி, அதிலிருந்து தொட்டி. குழல் விளக்கு வெளிச்சம் வேண்டும். தாய்ப்பாசி வெக்கை தாங்காது. தூத்துக்குடி வெயிலுக்குக் குளிர்சாதன அறை இல்லாமல் முடியாது. நன்றாக வளர்ந்த ஒரு மில்லி நீரில் பத்து இலட்சத்துக்கு மேல் பாசி இருக்கும். நீர் பொன் பழுப்பாக இருந்தால் ஊட்டலாம். அடியில் படிந்து வெளிறிப்போனால் கொட்டிவிட வேண்டியதுதான். உறை மோர் கெட்டால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். தாய்ப்பாசி கெட்டால் அந்தத் தடவை பிறந்த குஞ்சு அத்தனையும் பட்டினி. ஆகவே ஒரே தாய்ப்பாசியைப் பல குடுவைகளில் பிரித்து வைப்பார்கள்.

இப்படி வளர்த்த ஐசோகிரைசிஸைக் கொடுத்துத்தான் 1981-ல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை ஒட்டும் பருவம் வரை கொண்டு வந்தார்கள். மூன்று வாரத்துக்குச் சற்று மேலே ஆனது. மறு வருஷம் உணவுச் சிப்பியான ஆளிக்கும் அங்கேயே விதை உண்டாக்கினார்கள். ஒட்டிய பிறகு இவ்வளவு செல்லம் கொடுக்க வேண்டியதில்லை. திறந்த தொட்டியில் வெயிலில் உரமிட்டு வளர்த்த கலப்புப் பாசியே போதும். நாற்று வேர் பிடித்துவிட்டால் அப்புறம் வயல் பார்த்துக்கொள்ளும் அல்லவா?

1980-களின் பிற்பகுதியில் இந்தக் குஞ்சுகளைப் பழைய முத்துப் பார்களிலும் கொண்டுபோய் விதைத்துப் பார்த்தார்கள். பொரிப்பகத்துக்கு உள்ளே தீனியும் தண்ணீரும் நம் கையில். பாரில் நீரோட்டமும் சிப்பி தின்னும் மீனும் கடலின் கையில். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை.