சேலம், நாமக்கல் வட்டார வரலாற்றுச் சான்றுகளும் துணைநூற்பட்டியல் சிக்கல்களும்

முன்னுரை

வரலாற்றுக் கட்டுரையின் அடிக்குறிப்பு சான்றின் முகவரியாகும். அதனைக் கொண்டு மற்றோர் ஆய்வாளர் அதே கல்வெட்டையோ ஆவணத்தையோ சென்றடைய இயலவேண்டும். இன்றைய ஆய்விதழ்கள் சிகாகோ, ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. முதலிய முறைகளுள் ஒன்றைப் பின்பற்றுமாறு கோருகின்றன. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் வழக்கத்தை 1881-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்சு மார்க் கையாண்டார். சிகாகோ கையேடு 1906-இலும், ஏ.பி.ஏ. முறையின் முதல் வடிவம் 1929-இலும், எம்.எல்.ஏ. முறையேடு 1951-இலும் வெளிவந்தன. இம்முறைகள் அச்சிட்ட நூலையும் இதழையும் மனத்திற்கொண்டு உருவானவை. பாறையில் வெட்டிய எழுத்தும், நூறாண்டுக்குள் மும்முறை மாவட்டம் மாறிய ஊரும் அவற்றின் நோக்கில் இருந்ததில்லை. சேலம், நாமக்கல் சமவெளிச் சான்றுகளைக் கையாள்வோர் இவ்விடைவெளியை ஒவ்வொரு குறிப்பிலும் எதிர்கொள்கின்றனர்.

சான்றின் இருப்பிடத்தைச் சொல்லும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதிதன்று. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியின்பால் உ.வே.சாமிநாதையரின் கவனத்தைத் திருப்பியதும், அதன் பதிப்பு 1887-இல் வெளிவந்ததும் அறிஞர் அறிந்தவை. தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோரின் பெயரை ஊருடன் குறித்தது உ.வே.சா.வின் இயல்பு. பாட வேறுபாட்டில் ஐயம் எழுந்தால் எந்த ஏட்டைத் தேடுவது என்பதற்கு அக்குறிப்பே வழிகாட்டியது.

மாவட்ட எல்லையும் கல்வெட்டின் முகவரியும்

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. அலெக்சாண்டர் ரீடு முதல் ஆட்சியராக இருந்தார். அக்கால நிர்வாக ஆவணங்கள் பின்னர் 'பாரமகால் ஆவணங்கள்' என்னும் பெயரில் அச்சேறின. பாரமகால் என்பது கிருட்டிணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்தைக் குறிக்கும் பெயர். சேலமும் நாமக்கல்லும் தாலகாட் எனப்பட்ட தெற்குப் பகுதியைச் சேர்ந்தவை. தலைப்பை மட்டும் கண்டு இத்தொகுதிகளை ஒதுக்கும் ஆய்வாளர் சேலத்துச் செய்திகளையும் சேர்த்தே இழக்கிறார்.

எல்லை மாற்றங்கள் பின்னரும் தொடர்ந்தன. நாமக்கல் வட்டம் 1910-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பெற்று, 1929-இல் சேலத்திற்குத் திரும்பியது. திருப்பத்தூர் வட்டம் 1911-இல் வடஆர்க்காட்டிற்குச் சென்றது. தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாயின. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது.

நாமக்கல் மலையின் அரங்கநாதர், நரசிம்மர் குடைவரைகளை எடுத்துக்கொள்ளலாம். அதியர் மரபோடு தொடர்புடைய இக்குடைவரைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் அவற்றின் கல்வெட்டுகள் 1910-க்கு முன் சேலம் மாவட்டத்தன, அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தன, பின்னர் மீண்டும் சேலம், இன்று நாமக்கல். வி. இரங்காச்சாரியார் மாவட்ட வாரியாகத் தொகுத்த சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல் வெளிவந்த 1919-ஆம் ஆண்டு இவ்விடைக்காலத்திற்குள் அமைகிறது. ஆகவே அதனைப் பயன்படுத்துவோர் சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய இரு தலைப்புகளிலும் தேடிய பின்னரே 'இல்லை' என்று எழுதலாம்.

இதனை வெறும் வடிவச் சிக்கல் என்று கடந்துவிட இயலாது. ஒரு கல்வெட்டு இரு மாவட்டப் பெயர்களில் மேற்கோளாகும்போது, கவனக்குறைவான தொகுப்பில் அது இரு கல்வெட்டுகளாக எண்ணப்படும். 1960-களின் ஆய்வில் 'சேலம் மாவட்டம்' எனக் குறித்த நடுகற்களின் தொகையை இன்றைய சேலம் மாவட்டத் தொகையோடு ஒப்பிட்டால் பொய்யான வேறுபாடே கிடைக்கும். அவற்றுட் பல இன்று தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு உரியவை. அதியர் ஆட்சிப்பரப்பையோ வணிகப் பெருவழிகளையோ வரைபடமாக்கும் ஆய்வில் இப்பிழை வரலாற்று முடிவையே மாற்றிவிடும்.

ஊர், இன்றைய வட்டம், இன்றைய மாவட்டம் ஆகியவற்றை முதலிற் குறித்து, மூல அறிக்கை தரும் மாவட்டப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது இதற்கு எளிய தீர்வாகும். இதழின் நடைக்கையேடு இதனைக் கேட்பதில்லை, எனினும் தடுப்பதுமில்லை.

கல்வெட்டு எண்ணில் இன்னொரு நுட்பம் உண்டு. கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் 'இன்ன ஆண்டின் இத்தனையாம் எண்' என வரும் ஆண்டு, படியெடுத்த ஆண்டையே குறிக்கும். அது அறிக்கை அச்சான ஆண்டாக இருக்கவேண்டியதில்லை. ஆசிரியர்–ஆண்டு முறையில் பயின்ற மாணவர் அதனை வெளியீட்டு ஆண்டாகக் கொண்டு பட்டியலில் இடும்போது இல்லாத நூல் ஒன்று உருவாகிவிடுகிறது. பிற்கால அறிக்கைகளில் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் வெவ்வேறு பின்னிணைப்புகளில் தனித்தனி எண்வரிசை பெறுவதால், பின்னிணைப்பின் பெயரின்றி எண் மட்டும் தருவதும் போதாது.

ஒரே பெயரில் இரு விவரச்சுவடிகள்

எச். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. எஃப்.ஜே. ரிச்சர்ட்சின் சேலம் விவரச்சுவடி 1918-க்கு உரியது. அ. இராமசாமி தொகுத்த சேலம் விவரச்சுவடி 1967-இல் வெளியாயிற்று. பின்னிரண்டும் 'சென்னை மாவட்ட விவரச்சுவடிகள்: சேலம்' என்னும் ஒரே தலைப்புடையவை. 'சேலம் விவரச்சுவடி, ப. 60' என்று மட்டும் எழுதினால் எந்த நூற்றாண்டின் எந்தச் சேலம் என்பதே விளங்காது.

லெ ஃபானுவின் செய்தியைப் பிற்கால நூலொன்றின் வழியே அறிந்து, மூலத்தையே கண்டதுபோலப் பட்டியலிடும் வழக்கமும் ஆய்வேடுகளில் உள்ளது. இடைநூலின் அச்சுப்பிழை இவ்வழியே மூலநூலின் பெயரில் நிலைபெறுகிறது. கண்ட நூலையே சுட்டி, அதன்வழி அறிந்தது எனக் குறித்தல் ஆய்வு நேர்மைக்கு உரியது. அதனால் ஆய்வேட்டின் மதிப்புக் குறைவதாகக் கருதுவது வீண் அச்சம்.

ஆசிரியர் பெயர்

மேலைநாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னிறுத்துகின்றன. தமிழரின் பெயரில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரையும் சில வேளைகளில் ஊரையும் குறிக்கும். இறுதியில் நிற்பது சாதிப்பட்டமாக இருக்கலாம். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை 'பிள்ளை, வெ.இரா.' எனவும், 'இராமலிங்கம் பிள்ளை, வெ.' எனவும், 'நாமக்கல் கவிஞர்' எனவும் இடம்பெறக்கூடும். முதல் வடிவம் அவரை வையாபுரிப்பிள்ளையோடும் சுந்தரம் பிள்ளையோடும் ஒரே குடும்பத்தினர்போல அடுக்கிவிடுகிறது. 'இராமலிங்கம்', 'ராமலிங்கம்' என்னும் எழுத்து வேறுபாடோ பெயரை அகரவரிசையின் வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுசெல்லும். இந்தியப் பெயர்களின் இத்தகைய இயல்பை எசு.ஆர். அரங்கநாதன் தம் நூற்பட்டியல் விதிகளில் அக்கறையுடன் ஆராய்ந்துள்ளார். நூலகவியலார்க்கு அது பாடம். தமிழ் ஆய்விதழ்களின் நடைக்கையேடுகளிலோ அதன் சுவடு அரிது.

தமிழ்த் துணைநூற்பட்டியலில் இயற்பெயரை முதலிலும் முன்னெழுத்தைப் பின்னரும் அமைத்து, நூலின் முகப்பில் உள்ள எழுத்துவடிவையே கொள்வது பொருந்தும். புனைபெயரும் சிறப்புப்பெயரும் 'காண்க' என்னும் குறிப்புடன் தத்தம் இடத்தில் நிற்கலாம். 'என் கதை'யைத் தேடும் மாணவர் 'நாமக்கல் கவிஞர்' என்னும் பெயரிலேயே தொடங்குவார். அங்கிருந்து 'இராமலிங்கம் பிள்ளை, வெ.' என்னும் பதிவுக்கு அவரை அனுப்ப ஒரு வரி போதும்.