கப்பலில் ஒரு குவளை நன்னீர்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டிலிருந்து எத்திசை நோக்கினும் கடல் தென்படாது. புதூர்நாட்டிலும் புங்கம்பட்டுநாட்டிலும் அப்படியே. மலையும் அடிவாரமுமே நமது உலகம். அவ்வாறிருக்க, பாய்மரக் கப்பலில் குடிநீரை எவ்வாறு காத்தார்கள் என்னும் வரலாறு நமக்கெதற்கு என்று அன்பார்ந்த ஜமாஅத்தார் வினவக்கூடும். மலையில் பெய்யும் மழை சரிவில் உருண்டோடிக் கீழே இறங்கிவிடுகிறது. சேமித்து வைத்த நீரே கோடையில் நம் நீர். கடலோடிக்கும் அதே நிலைதான். சுற்றிலும் நீர்; ஆயினும் கரையிலிருந்து அவன் கொண்டு வந்ததே அவன் நீர். இருப்பதைக் கொண்டு காலம் கழிக்கும் கலையை மிகக் கடினமான பள்ளியில் பயின்றவன் அவன். அவனிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

கடலோடி கேட்ட கேள்வி

கப்பலின் நன்னீரைப் பற்றிய மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று நமது ஹதீஸ் நூல்களிலேயே பதிவாகியுள்ளது. இமாம் மாலிக்கின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளிலும் அது இடம் பெற்றுள்ளது. கடலில் பயணம் செய்யும் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தம் சிக்கலை எடுத்துரைத்தார். கப்பலில் கொஞ்சம் நீரே கொண்டு செல்கிறோம். அதில் ஒளு செய்தால் தாகத்தால் வாடுவோம். கடல்நீரில் ஒளு செய்யலாமா என்பது அவர் கேள்வி. கடல்நீர் தூய்மைப்படுத்தக்கூடியது என்பதே கிடைத்த விடையின் கருத்து.

இது ஒரு மார்க்கச் சட்டம் மட்டுமன்று. கப்பலின் நீர் நிர்வாகத்துக்கு அடிப்படையான விதியும் ஆகும். கழுவுவதற்கு ஒரு நீர், குடிப்பதற்கு ஒரு நீர் எனப் பிரித்துவிட்டால், தொட்டியில் உள்ளது பன்மடங்கு நாள் தாங்கும். இன்றும் பாய்மரப் படகில் நெடும்பயணம் செல்வோர் பாத்திரங்களைக் கடல்நீரில் துலக்கி, இறுதியில் மட்டும் சிறிது நன்னீரில் அலசுவது வழக்கம்.

உறியும் ஃபிந்தாஸும்

எகிப்தின் செங்கடற்கரையில் குசைர் அல்-கதீம் என்றோர் இடம் உண்டு. உரோமப் பேரரசின் காலத்தில் இந்தியாவோடு வணிகம் நடத்திய துறைமுகம் அது. அங்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், உடைந்த சேமிப்புச் சாடியொன்றின் ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே சொற்றொடர் இரு முறை பொறிக்கப்பட்டிருந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் ‘பானை உறி’ என்னும் பொருளில் படித்தார். கயிற்று வலையில் தொங்கவிடும் பானை என்பது அதன் கருத்து. 2007ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்து அது.

அந்தச் சாடியில் நீர்தான் இருந்தது என்று எவரும் நிறுவவில்லை. எனினும் நம் பாட்டிமார் தயிரையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட்ட அதே உறி, ஆடும் கப்பலிலும் பொருத்தமான கருவி என்பதில் ஐயமில்லை. தளத்தில் வைத்த பானை அலையில் சாயும். உறியில் தொங்கும் பானையோ கப்பல் சாய்ந்தாலும் நேராகவே நிற்கும்.

பானைகள் ஒரு சிலருக்குப் போதும். நூறு பேர் ஏறும் மரக்கலத்துக்கு அவை போதா. அரபுக் கடலோடிகள் பலகைகளை இணைத்து, இடுக்குகளில் கீல் பூசி, பெரிய மரத்தொட்டி அமைத்தனர். அதற்கு ‘ஃபிந்தாஸ்’ என்று பெயர். குவைத்தில் பணியாற்றித் திரும்பிய நம் சகோதரர்களுக்கு இப்பெயர் புதிதன்று. அங்கே ஒரு பகுதியே அப்பெயரால் வழங்குகிறது. அந்நாட்டின் வரலாறும் இத்தொட்டியோடு பிணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குவைத் நகருக்குக் குடிநீர் போதாமையால், ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் நன்னீர் ஏற்றி வந்து விற்றனர். 1953ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கு இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு நகரமே மரத்தொட்டி நீரை எதிர்பார்த்து வாழ்ந்தது.

நாள் கணக்குத் தவறியபோது

தொட்டி எவ்வளவு பெரிதாயினும், காற்று நம் கணக்கைக் கேட்பதில்லை. ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற அறிஞர் இப்னு ஜுபைர், 1184ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்கா துறைமுகத்திலிருந்து ஊர் திரும்பக் கப்பலேறினார். அது ஜெனோவா நாட்டுக் கப்பல். எதிர்க்காற்று வீசிற்று, பிறகு காற்றே அற்றுப் போயிற்று. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சேமிப்பு பயணிகளிடம் இல்லை. கடலில் கழிந்ததோ ஏழு வாரம். இறுதியில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. உயிர் தப்பியவர் எழுதி வைத்த பயணக் குறிப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது.

பயண நாளைப் போல் ஒன்றரை மடங்கு, இயலுமாயின் இரு மடங்கு நீர் கொள்வது கடலோடிகளின் எச்சரிக்கை. ஒருவர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் எனக் கொள்வோம். இருவர் செல்லும் படகுக்கு இருபது நாளுக்கு 120 லிட்டர் வேண்டும். இரு மடங்கெனில் 240 லிட்டர். அதன் எடை 240 கிலோ. எடையைக் கூட்டினால் படகு தாழும், குறைத்தால் தாகம். இவ்விரண்டுக்கும் இடையில்தான் முடிவெடுக்க வேண்டும்.

தண்ணீரும் பேரேடும் ஒரு கையில்

முகலாயப் பேரரசர் அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸல் தொகுத்த ‘ஆயினே அக்பரி’, பெரிய கப்பல்களில் இருந்த பன்னிரு வகைப் பணியாளரைப் பட்டியலிடுகிறது. கப்பலின் தலைவர் நாகுதா. திசையறிந்து வழி சொல்பவர் முஅல்லிம். மாலுமிகளின் தலைவர் தண்டேல். இலங்கையின் வல்வெட்டித்துறையில் கப்பல் தலைவரைத் ‘தண்டையல்’ என அழைத்தது இச்சொல்லின் உறவே. சரக்கறையைக் காப்பவர் பண்டாரி. அடுத்து வருபவர் கர்ரானி. கப்பலின் கணக்கை எழுதுவதும், பயணிகளுக்குத் தண்ணீர் அளந்து கொடுப்பதும் அவர் பணி.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். சரக்கறைக்குத் தனியே ஒருவர் இருக்கிறார். ஆனால் தண்ணீரை அவரிடம் விடவில்லை. பேரேடு எழுதுபவரின் கையில் ஒப்படைத்தார்கள். காரணம் எளிது. அரிசி குறைந்தால் பசியோடு சில நாள் தள்ளலாம். தண்ணீர் குறைந்தால் கப்பலில் கலகம் மூளும். எனவே எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மீதம் என்பதை எழுத்தில் காட்ட வல்லவரே அதற்கு உரியவர். செல்வந்தருக்கு ஒரு குவளை, ஏழைக்கு அரைக் குவளை என்ற பேச்சு எழாமல் காப்பதும் அந்த எழுத்தே. தண்ணீர் ஓர் அமானத்; அமானத்துக்குக் கணக்கு உண்டு.

மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழர், கணக்கரைக் ‘கிராணி’ என்றழைத்தனர். அதுவும் இச்சொல்லின் வழிவந்ததே. எழுதுகோல் கரையேறிவிட்டது, தண்ணீர்க் குவளை மட்டும் கடலில் நின்றுவிட்டது.

நீர் கெடுவது ஏன்?

நன்னீரை ஏற்றினால் மட்டும் போதாது. அது கெடாமலும் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களில் மரப் பீப்பாய்களில் நீர் கொண்டு சென்றனர். சில வாரங்களில் பச்சை படர்ந்து, முட்டை அழுகியது போன்ற நாற்றம் எழும். மரத்திலுள்ள பொருள்களை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுவதே அதற்குக் காரணம். 1808ஆம் ஆண்டில், நீராவி எந்திரத்தால் புகழ் பெற்ற ரிச்சர்ட் டிரெவிதிக், ராபர்ட் டிக்கின்சனுடன் சேர்ந்து, கப்பலில் சரக்கும் நீரும் வைக்கும் இரும்புத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பிரிட்டிஷ் கடற்படையில் பீப்பாய்களின் இடத்தை இரும்புத் தொட்டிகள் மெல்ல மெல்லப் பிடித்தன. துருவேறிய நீர் செந்நிறமாயிருந்தாலும் நாற்றமில்லாமல் இருந்தது.

தொட்டியின் வடிவிலும் நுணுக்கமுண்டு. பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைமோதும். படகு ஒரு பக்கம் சாயும்போது நீரும் அப்பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். ஆதலால் உள்ளே தடுப்புப் பலகைகள் வைப்பர். தொட்டியைப் படகின் நடுவில், அடித்தளத்தில் அமைப்பர். மூச்சுக்குழாயின் வாய் அலைக்கு எட்டாதபடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் உப்புநீர் புகுந்து அனைத்தையும் கெடுத்துவிடும்.

பம்பாயில் கட்டிய படகு

இவ்வளவும் செய்த பின்னும் பிழை நேரலாம். அதற்குச் சான்று ‘சுஹைலி’. வளைகுடாவின் அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயர் அது. 32 அடி நீளமுள்ள அப்படகு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று அதில் தன்னந்தனியே இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். எங்கும் கரையொதுங்காமல் உலகைச் சுற்றுவது அவர் நோக்கம்.

செப்டம்பரில், நன்னம்பிக்கை முனையை நெருங்கும் தென்கடலில், பேரலை ஒன்று படகைப் புரட்டிப் போட்டது. படகு நிமிர்ந்தது. அதன் பின் நீர்த்தொட்டிகளைச் சோதித்தார். உள்ளிருந்த நீர் குடிக்கத் தகாததாய்க் கெட்டிருந்தது. இன்னும் பயணத்தின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. அவரைக் காத்தவை இரண்டு. ஒன்று, தொட்டியை மட்டும் நம்பாமல் பிளாஸ்டிக் கலன்களில் தனியே வைத்திருந்த சிறிதளவு நீர். மற்றொன்று, பாயில் விழுந்து வழியும் மழையை வாளியில் பிடிக்கும் வழக்கம். முதல் மழைத்துளி பாயின் உப்பைக் கழுவிச் செல்லும். அதை விட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடிக்க வேண்டும். 312 நாள்களுக்குப் பின், 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று அவர் கரை சேர்ந்தார். தனியொருவராய், இடைநில்லாது உலகைப் பாய்மரப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவரே.

அண்மையில் நம் கண்முன்னும் ஒரு பயணம் நடந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவுடன் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்மரப் படகில், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டார். உலகைச் சுற்றி 2025ஆம் ஆண்டு மே 29 அன்று இருவரும் திரும்பினர். இன்று கடல்நீரை வடிகட்டி நன்னீராக்கும் எந்திரங்கள் படகளவிலும் கிடைக்கின்றன. ஆயினும் எந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது பழுதானால் மீண்டும் தொட்டியே துணை. ஆகவே அனுபவமுள்ள மாலுமி எவரும் தொட்டியைக் காலியாக விடுவதில்லை.

கரையில் நமது கப்பல்

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், கடலோடிகளைக் காத்தது தொட்டியின் பருமன் அன்று என்பது தெளிவாகும். குடிநீரையும் கழுவும் நீரையும் பிரித்தனர். ஒரே கலத்தில் அனைத்தையும் வைக்காமல் பகிர்ந்து வைத்தனர். மழையை வீணாக்காமல் பிடித்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, நீருக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்து, அவர் கையில் பேரேட்டையும் கொடுத்தனர்.

இவற்றுள் எதுவும் பெரும் பணம் கேட்பதன்று. பள்ளியின் ஹவுளும் மேல்நிலைத் தொட்டியும் நமது ஃபிந்தாஸ்கள். தொட்டியின் கொள்ளளவைச் சுவரில் எழுதி வைப்பதும், கழுவிய நாளைக் குறித்து வைப்பதும், கூரையின் மழைநீரை ஒரு குழாயில் இறக்கிச் சேர்ப்பதும், குடிநீருக்கெனத் தனிக்கலன் வைப்பதும் நம்மால் இயலாதவையா? ஆண்டறிக்கையில் வரவும் செலவும் காசளவில் எழுதப்படுகின்றன. அந்தப் பேரேட்டில் தண்ணீருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்படுமானால், கர்ரானியின் பழைய பணி இம்மலையடிவாரத்தில் மீண்டும் தொடங்கியதாக அமையும்.

கடலோடி கேட்ட அந்தக் கேள்வி நமக்கும் உரியதே: இருப்பதோ கொஞ்சம், அதை எதற்குச் செலவிடுவது? கோடை வருமுன் அதற்கு விடை காண வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.