வம்சாவளி: இந்தியா தந்த சொல்

1965இல் ஐ.நா. பொதுச்சபையில் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை வரையப்பட்டபோது, அதன் முதல் உறுப்பில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்க முன்மொழிந்தது இந்தியா. இனம், நிறம் ஆகியவற்றை அடுத்து அச்சொல் இன்றும் நிற்கிறது. அன்றைய பேராளர்களின் மனத்தில் சாதி இருந்ததா என்பது ஆய்வாளரிடையே வாதத்துக்குரியது. ஆனால் அச்சொல் சாதியைத் தொடாது என்று பின்னாளில் விடாது வாதாடியதும் இந்தியாவே.

உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் காலமுறையில் அறிக்கை தர வேண்டும். 18 வல்லுநர்கள் கொண்ட குழு அதைப் படித்து, அரசின் பேராளர்களை நேரில் வினவி, இறுதிக் கருத்துரை வெளியிடும். தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. கேட்பதும் பதிவதுமே அதன் கருவி.

1968இல் உடன்படிக்கையை ஏற்ற இந்தியாவின்மீது அக்கருவி 1996இல் கூர்மையாகவே பாய்ந்தது. சாதி இனமன்று, ஆகவே பட்டியல் சாதியினர் நிலை உடன்படிக்கைக்குள் வராது என்றது இந்தியத் தரப்பு. ‘வம்சாவளி’ இனத்தை மட்டும் குறிப்பதன்று என்றது குழு. 2002இல் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் அதை எல்லா நாடுகளுக்குமான விளக்கமாக்கியது. 2006 டிசம்பரில் தில்லி மாநாடொன்றில் பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க இனஒதுக்கலோடு ஒப்பிட்டார். இரண்டே மாதங்களில் அவரது அரசின் பேராளர்கள் ஜெனீவாவில் பழைய வாதத்தையே எடுத்துரைத்தனர். இதை வெறும் சொற்பூசல் எனத் தள்ளுதல் தவறு. சாதி உடன்படிக்கைக்கு வெளியே என்றாகிவிட்டால், அதுபற்றி வினவும் உரிமையே குழுவுக்கு இல்லாமற்போகும். 2010இல் வரவேண்டிய அடுத்த அறிக்கையோ பல்லாண்டுகள் கடந்தும் வரவில்லை.

இந்த இடைவெளியில்தான், 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இடைநீக்கம் செய்யப்பட்டு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர் ஐவருள் அவர் ஒருவர். அவருடைய தாய் ஜெனீவாக் குழுவிடம் நேரே முறையிட வழியில்லை. தனியாள் முறையீட்டுக்கு இடந்தரும் 14ஆம் உறுப்பை ஏற்று இந்தியா அறிவிப்புச் செய்யவில்லை.

எஞ்சியது உள்நாட்டு விசாரணை. அதுவோ அவர் எதனால் இறந்தார் என்பதினும் அவர் யாருக்குப் பிறந்தார் என்பதையே மிகுதியும் துருவியது. அயல்நாட்டு அவையில் சாதியினின்று பிரிக்கப்பட்ட வம்சாவளி, ஐதராபாத்தில் இறந்த மாணவரின் சாதிச் சான்றிதழைச் சோதிக்கும் அளவுகோலாயிற்று. 2024 மே மாதம் வெளியே தெரியவந்த தெலங்கானா காவல்துறையின் முடிவறிக்கை, அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. எதிர்ப்பு எழவே, மேல்விசாரணை நடத்தப்படும் எனக் காவல்துறைத் தலைமை அறிவித்தது.