மூணாறு தலைப்பும் மீத்தேனும்

எங்கள் நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில்தான் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. மேட்டூர் திறந்ததும் அங்கே போய் நிற்பது சின்ன வயசிலிருந்து எனக்குப் பழக்கம்.

2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் கையெழுத்திட்டது. எனக்குப் பேப்பரில் படித்துத்தான் தெரியும்.

நிலக்கரிப் படுகையிலுள்ள நீரை இறைத்தால்தான் அந்த வாயு வெளிவரும். முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில், அடியிலிருக்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதா? நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். 2013 டிசம்பர் 30-ல், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே அத்திவெட்டியில் காலமானார். 2015-ல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது.

2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. அந்தச் சட்டம் இருக்கும்போதே, 2023-ல் தஞ்சை மாவட்டத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் நீக்கினார்கள்.

அடுப்புக்கு வாயு எனக்கும் வேண்டும்தான். ஆனால் பட்டா நம் பெயரில் இருந்தாலும் அடியில் உள்ள வாயு அரசுக்குச் சொந்தம். ஆகவே சட்டம் வந்துவிட்டதென்று தூங்கிவிடாதீர்கள். ஏல அறிவிப்பு வந்தால் முதல் நாளே படித்துவிடுங்கள்.