'மதராசி' என்ற அண்டை நாட்டான்: பம்பாய், 1960–1970

தமிழ்நாடு என்னும் பெயரில் 'நாடு' இருக்கிறது. மகாராஷ்டிரம் என்னும் பெயரில் 'ராஷ்டிரம்' இருக்கிறது. இரண்டும் இந்திய ஒன்றியத்தின் மாநிலங்களே ஆயினும், தம்மைத் தனித்தனி நாடுகளாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் இரண்டின் மொழியிலும் அரசியலிலும் ஆழப் பதிந்திருக்கிறது. வரைபடத்தில் இவற்றுக்குப் பொது எல்லை கிடையாது. இடையில் கன்னட, தெலுங்கு நிலங்கள் கிடக்கின்றன. பம்பாயிலோ இவை அடுத்தடுத்த வீடுகள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழரும் மராத்தியரும் ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே இரயிலில் வேலைக்குச் சென்றவர்கள். இவர்களுள் யார் நன்றாக வாழ்கிறார்கள், யாருடைய பங்கை எடுத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்ற கேள்வி 1960களில் அந்நகரின் அரசியலாயிற்று. அக்கேள்விக்குத் தெருவில் வழங்கப்பட்ட விடை ஒற்றைச் சொல்: 'மதராசி'.

அச்சொல்லுக்கு நேரான ஒரு பொருள் ஒரு காலத்தில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் சென்னை மாகாணத்தில் தமிழ் மாவட்டங்களோடு ஆந்திரக் கடற்கரையும் இராயலசீமையும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கியிருந்தன. உடுப்பி 1956 நவம்பர் 1 வரை சென்னை ஆட்சிக்குட்பட்ட ஊர்தான். ஆகவே உடுப்பியிலிருந்து பம்பாய்க்கு வந்து உணவகம் திறந்தவரையும், கோழிக்கோட்டிலிருந்து வந்து எழுத்தர் வேலையில் அமர்ந்தவரையும், திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்டவரையும் 'மதராசி' என்றழைத்தது அன்றைய நிர்வாக வரைபடத்தின்படி பிழையன்று. பிழையானது அதற்குப் பிறகு. மொழிவழி மாநிலங்கள் அமைந்து, மாகாணம் நான்காகப் பிரிந்து, எஞ்சிய சென்னை மாநிலமும் 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. சுட்டப்பட்ட பொருள் மறைந்த பின்னும் சுட்டும் சொல் மறையவில்லை. நிலத்தைக் குறித்த பெயர், மெல்ல ஒரு மனித வகையைக் குறிக்கும் பெயராயிற்று.

அந்த வகைக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் என்றே சொல்லலாம். தாராவியின் தமிழர் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் நாடாரும் அங்கிருந்த தோல் பட்டறைகளில் உழைத்தனர். தமிழ் இஸ்லாமியர் எழுப்பிய படி மசூதி 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாட்டுங்காவின் கதை வேறு. பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு அமைத்த அத்தெருக்களில் 1920களிலும் 1930களிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற நடுத்தர வகுப்பினர். அவர்களுள் பிராமணர் மிகுதி. 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் சண்முகானந்தா சபாவும் அமைந்தன. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே நடந்தே கடக்கக்கூடிய தொலைவுதான். அந்தத் தொலைவைச் சாதியும் கல்வியும் வருமானமும் பன்மடங்கு பெருக்கிவைத்திருந்தன. 'மதராசி' என்ற சொல் அவ்வளவையும் ஒரு நொடியில் அழித்தது.

மராத்தியரின் மனக்குறை வெறும் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தின் பயனாக, பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம் 1960 மே 1இல் பிறந்தது. மறு ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 41.5 இலட்சம் பேர் வாழ்ந்த பெருநகரில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 43 விழுக்காடு. தலைநகரம் தமதாயிற்று, வணிகம் குஜராத்தியரிடமும் மார்வாரிகளிடமும் பார்சிகளிடமும் இருந்தது, ஆலைகளில் உடலுழைப்பு மராத்தியருடையதாக இருந்தது. புதிதாகப் பள்ளி இறுதி வகுப்பையும் கல்லூரியையும் முடித்து வெளிவந்த மராத்தி இளைஞர்கள் எதிர்பார்த்தது அலுவலக நாற்காலியை. அந்நாற்காலியில் முன்பே அமர்ந்திருந்தவர்களில் கண்ணில் பட்டவர் தென்னிந்தியர். நகர மக்கள்தொகையில் தென்னிந்திய மொழியினர் அனைவரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. குஜராத்தியர் அவர்களைவிட எண்ணிக்கையிலும் செல்வத்திலும் மிகுந்தவர். இருந்தும் சினம் தென்னிந்தியர் மீது திரும்பியதற்குக் காரணத்தை மேரி ஃபெய்ன்சோட் காட்சன்ஸ்டைன் 1979இலும் தீபாங்கர் குப்தா 1982இலும் வெளியிட்ட ஆய்வு நூல்களில் காணலாம்: போட்டி நிகழ்ந்தது நடுத்தர வகுப்பின் வெள்ளைச் சட்டை வேலைகளுக்காக. குஜராத்தி முதலாளி வேலை தருபவர். தென்னிந்திய எழுத்தர் அதே வேலைக்கு வந்து நிற்பவர். எட்டாத உயரத்தில் இருப்பவரைவிட, பக்கத்தில் ஒருபடி மேலே இருப்பவரே பொறாமைக்கு ஆளாகிறார்.

இந்த மனக்குறைக்கு உருவம் கொடுத்தது ஒரு கேலிச்சித்திர வார இதழ். பால் தாக்கரேயும் அவர் தம்பி ஸ்ரீகாந்தும் 1960 ஆகஸ்டில் தொடங்கிய 'மார்மிக்' இதழை வெளியிட்டு வைத்தவர் அன்றைய முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவான். தாக்கரே அதற்கு முன் பணியாற்றிய 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழ், தமிழரான எஸ். சதானந்த் நிறுவியது. அதே நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்த மற்றொருவர், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லக்ஷ்மண். ஒரே அலுவலகத்திலிருந்து வெளிவந்த இரு தூரிகைகளுள் ஒன்று, கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து எந்த மாநிலத்தவர் என்று சொல்ல முடியாத 'சாமானியரை' வரைந்தது. மற்றொன்று, பார்த்தவுடன் இன்ன மாநிலத்தவர் என்று அடையாளம் சொல்லிவிடக்கூடிய அந்நியரை வரைந்தது.

'மார்மிக்' செய்த பெரிய காரியம் சித்திரத்தைவிடப் பட்டியல்தான். நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் உயர்பதவி வகித்தோரின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டன. தலைப்பு 'வாசா ஆணி தண்ட் பஸா', அதாவது 'படியுங்கள், சும்மா உட்காருங்கள்' என்ற குத்தல். பின்னர் அது 'படியுங்கள், எழுங்கள்' என்று மாறியது. அப்பட்டியலில் கருத்துரை எதுவும் தேவைப்படவில்லை. ஐயர், நாயர், ராவ், மேனன் என்ற ஒட்டுகளே வாதமாயின. ஒருவருடைய பெயரின் ஈறு, அவர் யாருடைய சோற்றை உண்கிறார் என்பதற்குச் சான்றாக்கப்பட்டது. பெயரியல் பயிலும் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. இப்பட்டியல்களில் இடம்பெறும் தகுதி தாராவித் தோல் தொழிலாளியின் பெயருக்கு எந்நாளும் வந்ததில்லை. அவருக்கு உயர்பதவியும் இல்லை. பலருக்கு அத்தகைய சாதி ஒட்டும் இல்லை.

சிவசேனை 1966 ஜூன் 19இல் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிவாஜி பார்க்கில் முதல் பெருங்கூட்டத்தை நடத்தியது. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்ற முழக்கம் நகரமெங்கும் பரவியது. ஊதுகுழலை ஊது, லுங்கியை விரட்டு என்பது பொருள். முழக்கத்தின் எதுகை நன்று, பொருத்தம் இல்லை. பட்டியலில் இருந்த அதிகாரி அலுவலகத்துக்குக் காற்சட்டை அணிந்து சென்றவர். வீட்டில் அவர் உடுத்தியது வெள்ளை வேட்டி. மராத்தி முதியவரும் 'தோதர்' என்று வேட்டியே கட்டினார். திருநெல்வேலி உழைப்பாளி உடுத்திய வண்ணத்துணிக்கு அவர் ஊரில் வழங்கும் பெயர் சாரம். பிற இடங்களில் கைலி. தென்னிந்திய மொழிகளைப் பரிகசிக்க 'யண்டுகுண்டு' என்ற ஒலிக்கூட்டமும் வழங்கியது. அது எந்த மொழியிலும் சொல் அன்று. விளங்காத மொழி காதில் விழும் விதத்தைப் போலச் செய்வது. பண்டைய கிரேக்கர் பிறமொழியாளரை 'பார்பரோஸ்' என்றதும் இதே முறையில்தான். 1968இல் வெளிவந்த 'படோசன்' இந்தித் திரைப்படத்தில் குடுமியும் திருநீறுமாக மெஹ்மூத் நடித்த 'மாஸ்டர் பிள்ளை'யைக் கண்டு நாடே சிரித்தது. 'படோசன்' என்றால் பக்கத்து வீட்டுப் பெண். பக்கத்து வீட்டாரைப் பற்றிய சிரிப்பும் சினமும் ஒரே வார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. வார்ப்பு என்பது இங்கே உவமை மட்டுமன்று. ஒருமுறை கோத்த எழுத்தை உலோகத் தகடாக வார்த்துப் பலமுறை அச்சிடும் தொழில்நுட்பத்தின் பெயரான 'ஸ்டீரியோடைப்' என்பதைத்தான் வால்டர் லிப்மன் 1922இல் மனப்படிமத்துக்கு ஆண்டார்.

அரசியல் விளைவுகள் விரைந்து வந்தன. 1967இல் வடகிழக்குப் பம்பாய் மக்களவைத் தொகுதியில் மலபாரில் பிறந்த வி. கே. கிருஷ்ண மேனன், சிவசேனையின் கடும் எதிர்ப்புக்கிடையே காங்கிரஸின் எஸ். ஜி. பார்வேயிடம் தோற்றார், பார்வே மறைந்ததும் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சப்ரேயிடமும் தோற்றார். அதே ஆண்டில் தாணே நகராட்சி சிவசேனையின் வசமாயிற்று. அக்கட்சியின் முதல் தேர்தல் வெற்றி பம்பாயில் அன்று, தாணேயில் கிடைத்தது. பின்னாளில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் தமிழ்க் குடும்பங்கள் முலுண்டுக்கும் தாணேக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்ததை நினைத்தால், அவ்வெற்றியின் இடம் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1968 பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் 140 இடங்களில் 42 சிவசேனைக்குக் கிடைத்தன. வேலைகளில் 80 விழுக்காடு மராத்தியருக்கே என்ற கோரிக்கை பொதுப்பேச்சாயிற்று.

இவ்வாண்டுகளில் கல் எறியப்பட்டது எங்கே என்று கேட்டால் பட்டியலின் உண்மை விளங்கும். உயரதிகாரியின் அலுவலகக் கதவு பத்திரமாகவே இருந்தது. உடுப்பி உணவகங்களும் சாலையோரக் கடைகளும் குடிசைகளும் தாக்கப்பட்டன. பெயர் அச்சானவர் ஒருவர், அடிபட்டவர் வேறொருவர். இருவரையும் இணைத்தது 'மதராசி' என்ற சொல் ஒன்றே. அடிபட்டவருள் கன்னடம் பேசியவரும் துளு பேசியவரும் இருந்தனர் என்பது அச்சொல்லுக்குப் பொருட்டாகவே இல்லை.

இக்கதையைத் தமிழர் பட்ட துன்பமாக மட்டும் சொல்லி முடிப்பது பாதி வரலாறு. அதே ஆண்டுகளில் தமிழகத்தின் மேடைகளில் 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று திராவிட முன்னேற்றக் கழகம் முழங்கியது. அம்முழக்கத்துக்கும் அடிப்படை இருந்தது; தொழில் முதலீடு, மொழி, அதிகாரம் ஆகியவற்றில் மையத்தின் பாரபட்சம் பற்றிய முறையீடு அது. 1967 மார்ச்சில் அண்ணா ஆட்சி அமைத்தார். ஆக, பம்பாயில் தெற்கத்தியர் வாழ்கிறார், மராத்தியர் தேய்கிறார் என்றும், சென்னையில் வடக்கத்தியர் வாழ்கிறார், தமிழர் தேய்கிறார் என்றும் ஒரே பத்தாண்டில் மக்கள் நம்பினர். ஒன்று அரசின் கொள்கையை நோக்கியது, மற்றொன்று அண்டை வீட்டாரை நோக்கியது என்ற வேறுபாடு முதன்மையானது, அதை மறக்கலாகாது. ஆயினும் இரண்டிலும் நம் வறுமைக்கு அளவுகோல் அடுத்தவரின் வளமாகவே இருந்தது.

அடுத்தவரை இவ்வாறு அளப்பது தமிழுக்குப் புதிதன்று. வேங்கடத்துக்கு அப்பாலுள்ள நிலத்தை 'மொழிபெயர் தேயம்' என்று பழிச்சொல் இன்றிக் குறித்த சங்க இலக்கியமே, வடுகரைக் கடுமொழியினராகவும் கொடியோராகவும் காட்டுகிறது. 1676 அளவில் ஏகோஜி நிறுவிய மராட்டிய அரசு தஞ்சையில் 1855 வரை நீடித்தது. அந்தக் குலத்தின் வரலாறு மராத்தி மொழியில் பெரிய கோயிலின் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத் தஞ்சையில் பதவி வகித்த அயலார் மராத்தியரே.

இன்று எண்களை எடுத்துப் பார்த்தால் போட்டியின் சூடு தணியும். 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தின் எழுத்தறிவு 82.3 விழுக்காடு, தமிழ்நாட்டினுடையது 80.1. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைப்படி ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் மகாராஷ்டிரத்தில் 16, தமிழ்நாட்டில் 13; இந்திய சராசரி 28. இரு மாநிலங்களும் ஒன்றையொன்று ஒட்டியே நடக்கின்றன. ஏறத்தாழ 240 ஹெக்டேர்த் தாராவிக்கும் அதன் அருகிலுள்ள மாட்டுங்காவுக்கும் இடையிலான வேறுபாடு, இரு மாநிலங்களுக்கு இடையிலானதைவிடப் பெரிது. மாநில சராசரி அதைக் காட்டாது. 'மராத்தியர்', 'தமிழர்' என்ற பெயர்களும் காட்டமாட்டா.

பம்பாய் 1995இல் மும்பையாயிற்று. 'மதராசி' என்ற வசையும் பெரும்பாலும் ஓய்ந்தது. அது வகித்த இடம் காலியாக இருக்கவில்லை. 2008இல் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் கிளர்ச்சியில் தாக்கப்பட்டவர்கள் 'பையா' என்றழைக்கப்பட்ட உத்தரப் பிரதேச, பீகார் உழைப்பாளிகள். தமிழ்நாட்டில் அவ்விடத்துக்கு இப்போது 'வடக்கன்' என்ற சொல் வந்திருக்கிறது. பீகாரியும் ஒடியரும் அஸ்ஸாமியரும் வங்காளியும் அதற்குள் ஒருவரே ஆகிவிடுகின்றனர், ஒரு காலத்தில் துளுவரும் மலையாளியும் தெலுங்கரும் தமிழரும் 'மதராசி'க்குள் ஒருவரானதைப் போல. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு நிலைமையை அறிய அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாட்டுக் காவல்துறை அக்காணொளிகள் பொய்யென்று அறிவித்தது. வதந்தி பொய்தான். அதை ஆயிரக்கணக்கானோர் நம்பி இரயில் ஏற நேர்ந்ததற்கு, அதற்கு முன்பே அன்றாடப் பேச்சில் புழங்கிவந்த அந்தச் சொல்லும் ஒரு காரணம். தாராவியின் மூத்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவை இருக்காது. கட்டடச் சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளியை ஊரும் மொழியும் கேளாமல் 'வடக்கன்' என்று அழைக்கும் இன்றைய தமிழ் இளைஞருக்குத்தான் அந்த வரலாறு சொல்லப்பட வேண்டும்.