இயங்குதள மேம்படுத்தல்: சிவகாசி அச்சகங்களின் கணக்கு

கணினியின் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை அதன் அடுத்த பதிப்புக்கு மாற்றுவதே இயங்குதள மேம்படுத்தல். ‘ஓஎஸ் மாத்துறது’, ‘பார்மட் போடுறது’ என்று பேச்சில் வழங்கும். மாற்றலாமா, எப்போது மாற்றலாம், எந்தக் கணினியில் தொடங்கலாம் என்ற கேள்விகள் எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவானவை. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் அவற்றுக்குக் கூடுதல் கனம் உண்டு. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தொடங்கிவைத்த ஊர் இது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வேரூன்றியது. பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று விரிந்தது.

பட்டாசு லேபிள் வருடா வருடம் புதிதாக வரையப்படுவதில்லை. பழைய கோப்பைத் திறந்து வேண்டியதை மட்டும் திருத்துவார்கள். தினசரி காலண்டர் அட்டையில் சாமி படம் அப்படியே இருக்க, கீழே கடைப் பெயரும் போன் எண்ணும் மாறும். பழைய கோப்பு திறக்க வேண்டும், அதில் உள்ள எழுத்து எழுத்தாகவே தெரிய வேண்டும், அதிலிருந்து அச்சுத் தகடு எடுக்க வேண்டும். புதிய இயங்குதளம் இந்த மூன்றில் எதையும் குலைத்துவிடலாம். ஓர் அச்சகத்தில் இருக்கும் கணினிகள் மூன்று வகை வேலை செய்கின்றன. வேலைக்குத் தகுந்தபடி முடிவும் வேறுபடுகிறது.

கணக்குக் கணினி

முன்னறையில் இருப்பது கணக்கருடைய கணினி. டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தளம், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் இதில்தான். நாள் முழுதும் இணையத்தோடு இணைந்திருப்பதால் ஆபத்தும் முதலில் இங்கேதான் வரும்.

இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்தது என்றால் மறுநாள் கணினி நின்றுவிடாது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை நிறுவனம் அடைக்காது என்பதே பொருள். 2017 மே 12 அன்று பரவிய ‘வானாக்ரை’ நச்சுநிரல், அடைக்கப்படாத ஓட்டை என்ன செய்யும் என்பதற்குப் பாடம். விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் வழியில் இருந்த ஓட்டை ஒன்றின் மூலம் அது புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்கள், மேற்கு வங்கத்தில் மின் வாரிய அலுவலகங்கள், ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் எனப் பல இடங்களில் வேலை முடங்கியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்; கையில் இருந்த திருத்தத்தைப் போடாதவை. ஆதரவு முடிந்து மூன்றாண்டு கடந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அந்த ஒரு முறை நிறுவனம் விதிவிலக்காகத் திருத்தம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி, எக்ஸ்பியில் ஓடும் ஏடிஎம்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்குமாறு வங்கிகளுக்குக் கெடு விதித்தது.

பயம் ஒருபுறம் இருக்க, பழைய இயங்குதளத்தில் அன்றாட வேலையே நடக்காமல் போகும் நாளும் வருகிறது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் உலாவி 109-ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியோடு அது நின்றது. டேலி பிரைம் 64-பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஜிஎஸ்டி தளத்தில் நிறுவனங்கள் டிஜிட்டல் கையொப்பம் இட, யூஎஸ்பி டோக்கனும் அதற்குரிய டிரைவரும் எம்சைனர் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தாலும் இருபதாம் தேதி ரிட்டர்ன் தாக்கல் தள்ளிப்போகலாம்.

விருதுநகர் பருப்பு, எண்ணெய், மிளகாய் மண்டிகளில் உள்ள சிக்கல் இதற்கு நேர்மாறு. டாஸ் காலத்து பாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங்கையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் விடாமல் வைத்திருக்கும் கடையில் 64-பிட் விண்டோஸ் ஏறினால், அந்த பில்லிங் திறக்கவே திறக்காது. அத்தகைய 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதி 64-பிட் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 10 வரை 32-பிட் வடிவம் கிடைத்தது. விண்டோஸ் 11-க்கு அப்படியொரு வடிவமே இல்லை. டாஸ்பாக்ஸ் போன்ற போலிச் சூழலில் பழைய நிரலை ஓட்டலாம். பிரிண்டரை அதோடு இணைப்பதுதான் பெரும்பாடு.

இந்த வகைக் கணினியைப் பொறுத்தவரை முடிவு தெளிவு. இணையத்தோடு இருப்பது முதலில் மாற வேண்டும். பழைய பில்லிங் இருந்தால் அதைத் தனிக் கணினிக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

டிசைன் கணினி

அடுத்த அறையில் கோரல்டிராவும் போட்டோஷாப்பும். சில இடங்களில் பேஜ்மேக்கரும் இருக்கும். இங்கே முதல் தலைவலி தமிழ் எழுத்துரு.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் போன்றவை ரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. பாமினி நிறுவாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் நான்கு ரோமன் எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத் திரையில் நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு இருந்தால் விண்டோஸ் 11-லும் அது சரியாகவே தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கின்றன. டி டிரைவில் உள்ள வேலைக் கோப்புகளை எல்லாம் பத்திரப்படுத்திவிட்டு சி டிரைவை பார்மட் போட்டால், வருடக்கணக்கில் சேர்த்த எழுத்துருக்களும் சேர்ந்து போகும். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த கோப்புகளும் சி டிரைவைச் சேர்ந்தவையே.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் வாடிக்கையாளர் அனுப்பும் வாசகம் இன்று யூனிகோடில்தான் வருகிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. புதிய விண்டோஸில் அது ஓடினால் ஓடும். நின்றால் கேட்க ஆளில்லை. ஆகவே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடைப் பாமினியாக மாற்றி ஒட்டுகிறார்கள். இரண்டும் எழுத்தை அடுக்கும் முறை வேறு. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துரு ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும். யூனிகோடு முதலில் ககரத்தையும் பிறகு ஒகரக் குறியையும் வைக்கும். பாமினியிலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும்போது, இடையில் ஆங்கிலத்தில் அடித்த கடைப் பெயரையும் கருவி தமிழாக எண்ணி மாற்றிவிடும். காலண்டரில் போகும் முகவரியை மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது இதனால்தான்.

விண்டோஸோடு வரும் எழுத்துருக்களிலும் மாற்றம் உண்டு. விண்டோஸ் 2000 முதல் பழகிய லதாவும் விண்டோஸ் 7-இல் வந்த விஜயாவும் விண்டோஸ் 10-இல் தானாக அமர்வதில்லை. கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்பாகக் கேட்டு நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் வேர்டு ஆவணம் நிர்மலா எழுத்துருவில் தெரியும். வரிகள் நகர்ந்து பக்கம் கூடும். புதிதாகக் கிடைத்த வசதியும் உண்டு: தமிழ்99 விசைப்பலகை 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-லேயே அமைந்தது.

கோரல்டிராவின் சிக்கல் பதிப்பு சார்ந்தது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. இறக்கிச் சேமித்தால் சில விளைவுகள் உதிரும். எழுத்துரு வம்பைத் தவிர்க்க ‘கர்வ் பண்ணிக் கொடு’ என்பது அச்சகத்தில் அன்றாடம் கேட்கும் பேச்சு. எழுத்தைக் கோடாக்கிவிட்டால் எந்தக் கணினியிலும் அது மாறாது. ஆனால் அடுத்த ஆண்டு அதில் ஓரெழுத்தைக்கூடத் திருத்த முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்புக்குப் பின் பசுமைப் பட்டாசுக்கான சின்னமும் கியூஆர் குறியும் பெட்டிகளில் இடம்பெற்றன. அப்படிப் பழைய லேபிளைத் திருத்த வேண்டி வரும்போது, கர்வ் ஆகாத மூலக் கோப்பு வைத்திருப்பவருக்கு வேலை எளிது.

பிளேட் கணினி

ஆப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தகடு. முன்பு பிலிம் எடுத்துத் தகட்டில் பதித்தார்கள். சிடிபி வந்தபின் கணினியிலிருந்து லேசர் நேரே அலுமினியத் தகட்டில் எழுதுகிறது. பக்கத்தை நுண்புள்ளிகளாகப் பிரிக்கும் ரிப் மென்பொருளும் இயந்திரத்தின் டிரைவரும் அதை வாங்கிய காலத்து விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. உரிமத்துக்கான டாங்கிள் பூட்டு பழைய பேரலல் போர்ட்டில் செருகுவதாக இருந்தால், புதிய கணினியில் அதைச் செருக இடமே இருக்காது. பல லட்சம் ரூபாய் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, விண்டோஸுக்காக அதை மாற்றச் சொல்ல எந்த மேலாளருக்கும் மனம் வராது. மாற்ற வேண்டியதும் இல்லை.

பழைய கணினியை வைத்துக்கொள்வதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அது வலையமைப்பில் இருக்கக் கூடாது. இங்கே நுட்பமான சறுக்கல் ஒன்று நேர்கிறது. எக்ஸ்பி பயன்படுத்தும் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி1, 2017 இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது இயல்பாக இருப்பதில்லை. பிளேட் கணினியின் கோப்புறை புதிய கணினியில் தெரியவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், அவர் செய்யக்கூடிய எளிய வேலை எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்கிவிடுவது. வானாக்ரை நுழைந்த கதவு அதுவே. வைரஸ் சோதித்த ஒரே பென் டிரைவை இந்த வேலைக்கென்று ஒதுக்கி, கோப்பைக் கையால் கொண்டுபோவது மெதுவான வழிதான், ஆனால் பாதுகாப்பானது.

வன்பொருள் தகுதி

விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு, யூஇஎப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஏறத்தாழ எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய செயலி. நினைவகத்தைக் கூட்டலாம், செயலிதான் தடை. ஏழாம் தலைமுறை ஐ7 வேகமாக ஓடினாலும் பெரும்பாலும் பட்டியலில் சேராது. டிபிஎம் இல்லை என்று மைக்ரோசாப்ட்டின் சோதனை நிரல் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எப்டிபிஎம் என்ற பெயரில் தேட வேண்டும்.

மாற்று வழிகள்

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண் இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு இணைந்து வந்தது. மின்னஞ்சல், உலாவி, லிப்ரே ஆபிஸ் போதும் என்ற மேசைக்கு லினக்ஸ் பொருந்தும். பழைய கணினிக்கும் புது வாழ்வு கிடைக்கும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைக் கையாளுகிறது. இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும். ஆனால் நிழலும் வண்ணச் சாய்வும் வந்த வடிவில் இருக்கும் என்று உறுதி இல்லை. கோரல் கோப்புகளை நம்பியிருக்கும் அறையில் முழு மாற்றம் நடைமுறைக்கு ஒத்துவராது.

இன்னொரு வழி, புதிய கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாகப் பழைய விண்டோஸை ஓட்டுவது. பேஜ்மேக்கருக்கு இது போதும். யூஎஸ்பி பூட்டையும் பெரும்பாலும் உள்ளே காட்டலாம்.

மாற்றும் காலமும் முறையும்

மைக்ரோசாப்ட்டின் கெடுக்கள் சிவகாசியின் பருவத்தைக் கேட்டு வருவதில்லை. எக்ஸ்பிக்கு முடிவு 2014 ஏப்ரல் 8, சித்திரைப் பிறப்புக்கு ஆறு நாள் முன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, அன்று போகி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு ஆறு நாள் முன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை ஆர்டர் ஓயாது. கூடவே பட்டாசுப் பெட்டி வேலையும் நெருக்கும். அந்த நேரத்தில் எந்தக் கணினியிலும் கை வைக்க முடியாது.

புதிய பதிப்பு வந்த வாரமே ஏற்றுவதும் ஆகாது. விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்ததால், வெளியான சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு நவம்பரில்தான் மறுபடி வந்தது. ஏற்றியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் இயல்பாகத் தரும் அவகாசமும் பத்தே நாள்.

குறைந்த செலவில் பயமின்றிச் செய்யும் முறை ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கைத் தொடாமல் கழற்றி, தேதி எழுதி பீரோவில் வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் இயங்குதளத்தை ஏற்றுவது. பிறகு மூன்று சோதனை: மிகப் பழைய லேபிள் கோப்பைத் திறந்து பார்ப்பது, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பக்கத்தைப் புரூப் எடுப்பது, ஒரு வேலையைத் தகடு வரை கொண்டுபோவது. ஏதாவது ஒன்று தவறினால் பழைய டிஸ்க்கை மாட்டி அன்றைய வேலையைத் தொடரலாம்.

விண்டோஸ் 10-ஐ இன்னும் வைத்திருப்போருக்கு மைக்ரோசாப்ட் கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டம் அறிவித்தது. தனிப் பயனருக்கு ஓராண்டு. கட்டணம் 30 டாலர், அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டு. தனிப் பயனர் நீட்டிப்பு முடிவதாக அறிவித்த நாள் 2026 அக்டோபர் 13. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 8. அந்த நீட்டிப்பை நம்பியிருக்கும் அச்சகம் கணக்குக் கணினியையும் அடுத்து டிசைன் கணினியையும் தை முதல் ஆனி வரையுள்ள மாதங்களில் மாற்றிவிட்டால், ஆடியில் ஆல்பம் வெளியாகும்போது டிசைன் அறை சோதனையெல்லாம் முடிந்து தயாராக இருக்கும்.